ரிப்பன், பொத்தான், விலைச்சீட்டு

புதுச் சட்டையைப் பிரித்ததும் கை முதலில் தேடுவது கத்தரிக்கோலை. காலருக்குக் கீழேயோ கைத் தையலிலோ விலைச்சீட்டு தொங்கும். அதைப் பிடித்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் இழை, அதன் முனையில் சின்னதாக ஒரு குறுக்குக் கம்பி. துணிக்குள் நுழையும்போது அந்தக் கம்பி இழையோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் குறுக்கே விரிந்து நின்றுவிடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் வராது. திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனிகளில் ‘டேக் கன்’ என்று ஒன்றைக் கையில் பிடித்துச் சட்சட்டென்று அடிப்பார்களே, அதிலிருந்து வருகிற இழைதான்.

இந்த இழையின் உடன்பிறப்பு ஒன்று கடலில் இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் கழிமுகங்களிலும் அலைவாய்க்கரையிலும் நீந்தும் மீன்கள் பலவற்றின் முதுகில் அதே குறுக்குக் கம்பி மாட்டியிருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழையில் விலைக்குப் பதிலாக ஒரு வரிசை எண்ணும் தொடர்புக்கான விவரமும் இருக்கும். அதை மாட்டியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். விடுமுறை நாளில் தூண்டிலோடு கடற்கரைக்கு வந்த ஆசிரியர், மெக்கானிக், ஓய்வுபெற்ற தபால்காரர் போன்றவர்கள். கரையோர மீன்கள் எங்கே போகின்றன, எவ்வளவு காலம் வாழ்கின்றன, எத்தனை பிடிபடுகின்றன என்று இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இவர்கள் கொடுத்தது. துணிக்கடைச் சாமான் மீனின் முதுகுக்கு வந்து சேர முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வழிநெடுகத் துணிக்கடையின் வாசனை அடித்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம்.

தொடக்கமே ஒரு ரிப்பன். 1653-இல் லண்டனில் ஐசக் வால்டன் எழுதிய ‘தி கம்ப்ளீட் ஆங்க்ளர்’ வெளிவந்தது. தூண்டில் போடுகிறவர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் புத்தகம். சால்மன் மீனைப் பற்றிய பகுதியில் வால்டன் போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறார். ஆற்றிலிருந்து கடலை நோக்கிப் போகும் சால்மன் குஞ்சுகளைத் தடுப்புப் பொறிகளில் பிடித்து வாலில் ரிப்பன் கட்டி விட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, கடலிலிருந்து திரும்பும் வழியில், அதே இடத்தில் சில மீன்கள் ரிப்பனோடு மறுபடி அகப்பட்டிருக்கின்றன. வால்டன் பிழைப்புக்குச் செய்தது துணி வியாபாரம் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரிப்பன் அவர் கடையிலேயே இருந்திருக்கும். கணக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. அட்லாண்டிக் சால்மன் கடலில் குறைந்தது ஒரு குளிர்காலத்தையாவது கழிக்காமல் ஆற்றுக்குத் திரும்புவதில்லை, அதனால் ஆறு மாதம் போதாது. ஆனால் யோசனையில் ஒரு குறையும் இல்லை. பிடி, அடையாளம் வை, விட்டுவிடு, மறுபடி யார் கையிலாவது அகப்படும்வரை காத்திரு. பின்னால் வந்த அத்தனை கருவிகளும் இந்த நாலு வேலையைச் சுற்றியே வருகின்றன.

இருநூறு ஆண்டுக்குமேல் அந்த ரிப்பன் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. பிறகு அட்லாண்டிக்கின் அக்கரையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், சார்ல்ஸ் அட்கின்ஸ் என்பவர் அதை வேறு காரணத்துக்காகக் கையில் எடுத்தார். அவருடைய வேலை மீன்குஞ்சு பொரிப்பது. பெனோப்ஸ்காட் ஆற்றில் மீனவர்கள் பிடித்த சால்மன்களை உயிரோடு வாங்கிக் குளத்தில் வைத்திருந்து, முட்டையை எடுத்துக்கொண்டு திரும்ப ஆற்றில் விடுவார். விடும்போது உலோகத் தகட்டில் எண் பொறித்து மீனில் கட்டிவிடும் பழக்கத்தை 1873 வாக்கில் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவை திரும்ப வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தன. அந்த ஆற்றின் சால்மன்கள் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டுதான் முட்டையிட வருகின்றன என்பது அப்படித் தெரிந்தது. தகடு இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் ஆற்றில் ஏறுவது அதே கூட்டம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ரிப்பனுக்கு அடுத்து வந்தது பொத்தான். டென்மார்க்கின் ஜட்லாண்ட் நிலப்பகுதியை வடக்கே குறுக்காக வெட்டிச் செல்லும் லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியில், யோஹான்னஸ் பீட்டர்சன் என்ற உயிரியலாளர் 1894-இல் பிளேஸ் என்ற தட்டை மீனை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம்மூர் நாக்குமீன் சாதி. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆண்டுதோறும் வட கடலிலிருந்து கழிக்குள் எத்தனை குஞ்சுகள் வருகின்றன, வந்தவற்றில் எத்தனையை மீனவர்கள் பிடித்துவிடுகிறார்கள் என்பது அவர் கேள்வி. எலும்பில் செய்த இரண்டு பொத்தான்களை எடுத்தார். துடுப்புக்கு அடியில் சதை வழியாக மெல்லிய வெள்ளிக் கம்பியைச் செலுத்தி, பக்கத்துக்கு ஒன்றாகக் கோத்தார். ஓவர்கோட்டில் பொத்தான் தைக்கிற வேலைதான். மீன் உலர்ந்து போகாமல் சீக்கிரம் முடிக்க வேண்டும், அவ்வளவே வேறுபாடு. எலும்பு போய் பிளாஸ்டிக் வில்லை வந்த பிறகும் அதற்குப் பீட்டர்சன் வில்லை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பொத்தான்களோடு ஒரு கணக்கும் பிறந்தது. குளத்தில் நூறு மீனுக்கு அடையாளம் வைத்து விடுகிறோம். சில நாள் கழித்து வலை போட்டு ஆயிரம் மீன் பிடித்தால் அதில் பத்து மீனிடம் அடையாளம் இருக்கிறது. அப்படியானால் நூற்றுக்கு ஒன்று அடையாளமுள்ளது. மொத்தம் ஏறக்குறைய பத்தாயிரம் மீன். பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 1802-இல் இதே வகைக் கணக்கை வைத்துப் பிரான்ஸின் மக்கள்தொகையை மதிப்பிட்டார். பீட்டர்சனுக்குப் பிறகு 1930-இல் ஃப்ரெடெரிக் லிங்கன் வட அமெரிக்க வாத்துகளுக்கு அதைப் பயன்படுத்தினார். பாடப்புத்தகங்களில் இன்று இருவர் பெயரையும் சேர்த்து லிங்கன்–பீட்டர்சன் முறை என்பார்கள். லாப்லாஸின் பெயர் ஏனோ விட்டுப்போயிற்று.

லிம்ஃபியோர்டிலிருந்து சற்றுத் தெற்கே வீபோர்க் என்ற ஊர். பீட்டர்சன் மீனுக்குப் பொத்தான் தைத்து ஐந்து ஆண்டு ஆனபோது, அதாவது 1899-இல், அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டினார். உலகெங்கும் இன்று நடக்கும் பறவை வளையமிடும் வேலைக்கு அதுதான் ஆரம்பம். கோடியக்கரையில் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் வலசைப் பறவைகளுக்கு மாட்டிய வளையங்கள் அந்த வரிசையில் வந்தவை. இரண்டு பெரிய பழக்கங்கள் ஒரே சிறிய நாட்டின் ஒரே மூலையில் ஐந்து ஆண்டு இடைவெளியில் பிறந்திருக்கின்றன.

நடுவில் ஒரு விபத்து. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. யாரும் வைக்காத அடையாளம் அது. 1920-களில் மஸ்ஸிமோ செல்லா என்ற இத்தாலிய விஞ்ஞானி, மத்தியதரைக் கடலில் நீலத்துடுப்புச் சூரை பிடிக்கும் பெரிய நிலைவலைத் துறைகளுக்குப் போய்ப் போய் ஒரே ஒரு பொருளைக் கேட்டு வாங்கினார். சூரையை வெட்டும்போது வாயிலோ வயிற்றிலோ சிக்கிக் கிடக்கும் தூண்டில் முள். ஒவ்வொரு கடற்கரையிலும் முள்ளின் வளைவும் பருமனும் கட்டும் முறையும் வேறு வேறு. எந்த முள் எந்த ஊர் வேலை என்று மீனவர்களிடம் காட்டிக் காட்டித் தெரிந்துகொண்டார். சார்டினியாவில் பிடிபட்ட மீனின் உடம்பில் ஜிப்ரால்டருக்கு வெளியே அட்லாண்டிக்கில் பயன்படும் முள் இருந்தது. எங்கேயோ ஒரு மீனவரிடம் அறுத்துக்கொண்டு தப்பிய மீன், தான் வந்த வழியின் சாட்சியை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மத்தியதரைக் கடல் சூரையும் அட்லாண்டிக் சூரையும் தனித்தனிக் கூட்டங்கள் என்று உறுதியாக நம்பியவர்களை அந்த முட்கள் யோசிக்க வைத்தன.

அடையாளத்தைத் தேடிக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டுமா என்று 1930-களில் அலாஸ்காவில் கேட்டார்கள். அங்கே ஹெர்ரிங் மீன் மலைமலையாக வந்து குவியும். அரைத்து எண்ணெயும் மீன்தூளும் எடுப்பார்கள். ஒவ்வொரு மீனாக யாரும் பார்ப்பதில்லை. ரவுன்செஃபெல், டால்கிரென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலோகத் துண்டை மீனின் வயிற்றுக்குள் செலுத்திவிட்டு, தொழிற்சாலையில் தூள் ஓடும் வழியில் காந்தத்தை வைத்துவிட்டார்கள். துண்டு தானாக வந்து காந்தத்தில் ஒட்டும். இந்தியாவிலும் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனம், இராமேசுவரத்துக்கு அருகே மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த காலத்தில், 1960-களின் பிற்பகுதியில் மேற்குக் கரையில் மத்திக்கும் அயிலைக்கும் அடையாளம் வைத்துப் பார்த்தது. லட்சக்கணக்கில் திரியும் சிறு மீனில் அடையாளம் வைப்பது எவ்வளவு கடினமோ, அதைவிடக் கடினம் அது திரும்பக் கைக்கு வருவது.

இதுவரை வந்தவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்த விஞ்ஞானிகள். தூண்டில்காரர்களைக் கூட்டாளியாக்கியவர் ஃப்ராங்க் மாதர். மாசசூசெட்ஸில் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் இருந்தவர். ஆளைவிடப் பெரிய நீலத்துடுப்புச் சூரையை அவர் ஆராய வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக் கப்பல் ஓர் ஆண்டு அலைந்தாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்தான் அகப்படும். அதே மீனை நியூ இங்கிலாந்திலும் பஹாமாஸிலும் பணக்காரப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் படகு படகாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1954-இல் மாதர் அவர்களிடம் ஒரு நீண்ட கோலைக் கொடுத்தார். கோலின் முனையில் ஒரு சிறு ஈட்டி முள், அதோடு எண் எழுதிய பிளாஸ்டிக் குழாய். மீனைப் படகில் ஏற்ற வேண்டாம். பக்கத்தில் வந்ததும் முதுகில் குத்தி, தூண்டில் இழையை அறுத்துவிட்டால் போதும். குழாய் சமைத்த நூடுல்ஸ் மாதிரி தொங்குவதால் ‘ஸ்பெகெட்டி டேக்’ என்று செல்லப் பெயர் வந்தது.

பிடித்த மீனை விடுவது அன்றைக்கு அவ்வளவு சுலபமாக யாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய காரியம் அல்ல. கரைக்கு வந்து தராசில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் பெருமை. விட்ட மீனுக்கும் ஒரு பெருமை உண்டு என்று மாதர் காட்டினார். 1954-இல் மாசசூசெட்ஸ் கரையில் அடையாளம் வைத்து விட்ட இரண்டு சூரைகள் 1959-இல் அட்லாண்டிக்கின் மறுகரையில், பிஸ்கே வளைகுடாவில், பிடிபட்டன. பிறகு பஹாமாஸில் விட்டவை நாலே மாதத்துக்குள் நார்வே கரையில் அகப்பட்டன. மேற்கே ஒரு கூட்டம், கிழக்கே ஒரு கூட்டம் என்று நடுக்கடலில் கோடு போட்டுப் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி. தன் பெயரோடு ஒரு மீன் கடலைக் கடந்துவிட்டது என்று கடிதம் வந்தால், அந்தத் தூண்டில்காரர் அடுத்த மீனையும் விடத்தானே செய்வார்?

அரசாங்கமும் இதைக் கவனித்தது. 1959-இல் அமெரிக்க நாடாளுமன்றம், பொழுதுபோக்குக்காகப் பிடிக்கப்படும் கடல் மீன்களை ஆராயவென்றே ஒரு சட்டம் இயற்றியது. நியூஜெர்ஸியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்முனையான சாண்டி ஹுக்கில் ஆய்வுக்கூடம் வந்தது. அங்கே வேலை பார்த்த ஜாக் கேஸி 1962-இல் சுறாவுக்கு அடையாளம் வைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. பின்னால் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுறாக்களுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்திலிருந்தே 1961-இல் பிறந்த அமெரிக்க லிட்டோரல் சங்கம் என்ற கரையோர ஆர்வலர் அமைப்பு, 1965-இலிருந்து தன் உறுப்பினர்களைக் கொண்டு ஸ்ட்ரைப்டு பாஸ் போன்ற கரை மீன்களுக்கு அடையாளம் வைத்து வருகிறது.

கேஸியின் சுறா டேக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் கூர்முனை. அதிலிருந்து தூண்டில் நரம்பு ஒன்று. நரம்பின் நுனியில் விரல்நுனி அளவே உள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குப்பி. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே சுருட்டி வைத்த ஒரு பிளாஸ்டிக் தாள். ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜப்பானியம், நார்வேயியம் என ஐந்து மொழிகளில் அதில் எழுதியிருக்கும்: எந்த மீன், எங்கே, எப்போது, எவ்வளவு நீளம் என்று இந்த முகவரிக்கு எழுதுங்கள். மொழிகளைப் பார்த்தாலே அட்லாண்டிக்கில் யார் யாருடைய கப்பல்கள் சுறா பிடித்தன என்று தெரிந்துவிடும். எழுதிப் போட்டவருக்குச் சின்னம் தைத்த தொப்பி ஒன்று பரிசாக வரும். ஒரு நீலச்சுறா விட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 4,000 கடல் மைல் தள்ளி அகப்பட்டது. ஒரு மணல்திட்டுச் சுறா ஏறக்குறைய 28 ஆண்டுகள் அந்தக் குப்பியைச் சுமந்துகொண்டு திரிந்துவிட்டு மறுபடி தூண்டிலில் மாட்டியது. அவ்வளவு மெதுவாக வளர்ந்து முதிரும் சுறாவைக் கண்டபடி பிடித்தால் இனம் மீளவே மீளாது என்று வாதிட்டவர்களுக்கு இந்த மாதிரிச் சீட்டுகளே ஆதாரம்.

சூரைக்கும் சுறாவுக்கும் ஈட்டி சரி. முழங்கை நீளமே உள்ள கரை மீனுக்கு? இங்கேதான் சட்டைச் சீட்டு கதைக்குள் வருகிறது, அதுவும் செருப்புத் தைக்கும் ஒருவர் வழியாக.

அட்கின்ஸ் சால்மன் வளர்த்த அதே மெய்ன் மாநிலத்தில், பிரன்ஸ்விக் என்ற ஊரில், ஆண்ட்ரூ டென்னிசன் செருப்புத் தைத்துப் பிழைத்துவந்தார். பாஸ்டனில் நகை, கடிகார வியாபாரத்தில் இருந்த மகன் ஆரன், நகை வைக்க நல்ல அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை என்று குறைப்பட, 1844-இல் அப்பா வீட்டிலேயே பெட்டி செய்து கொடுக்க ஆரம்பித்தார். பெட்டிக்குப் பின்னால் நகையில் தொங்கவிடும் விலைச்சீட்டு வந்தது. இன்னொரு மகன் எலிஃபலெட் 1863-இல் சரக்குச் சீட்டின் துளையைச் சுற்றிக் காகித வளையம் ஒட்டிப் பலப்படுத்தி, கயிறு இழுத்தாலும் கிழியாதபடி செய்து காப்புரிமை வாங்கினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1963-இல், அதே டென்னிசன் கம்பெனியின் பொறியாளர் ஆர்னால்டு போன் விலைச்சீட்டை பிளாஸ்டிக் இழையால் துணியில் அடிக்கும் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குண்டூசியும் நூலும் வைத்துச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த துணிக்கடைகள் அதற்கு மாறிவிட்டன.

மீன் ஆய்வாளர்கள் அதைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார்கள். 1968-இல் அமெரிக்க மீன்வளச் சங்கத்தின் ஆய்விதழில் டெல் என்பவர், வரிசையாகக் கோத்த டேக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும் கருவியை விவரித்து எழுதினார். சியாட்டிலில் ஃப்ளாய் என்ற கம்பெனி அவற்றைத் தயாரித்து விற்றது. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஹால்பிரின்ட் போட்டிக்கு வந்தது. வெள்ளிக் கம்பியை நுழைத்துப் பொத்தானைக் கோத்து முறுக்கி முடிக்க ஆகும் நேரத்தில் இதில் பல மீன்களை முடித்துவிடலாம். மீன் காற்றில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பிழைக்கும்.

அடிக்கும் முறையும் கவனமானது. கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும்; உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு போய் நோய் தொற்றும். அளவுப் பலகையில் படுக்கவைத்து, ஈரத்துணியால் கண்ணை மூடினால் துள்ளல் அடங்கும். முதுகுத்துடுப்புக்குச் சற்றுக் கீழே ஊசியைச் செதிலுக்கு அடியில் கொடுத்து, தலைப்பக்கம் சாய்த்து உள்ளே செலுத்த வேண்டும். துடுப்பு முட்களை அடியில் தாங்கி நிற்கும் சிறு எலும்புகளின் வரிசையைத் தாண்டியதும் விசையை அழுத்தினால் குறுக்குக் கம்பி எலும்புகளுக்கு அந்தப் பக்கம் விரிந்து மாட்டிக்கொள்ளும். ஊசியை எடுத்துவிட்டு இழையை ஒருமுறை மெதுவாகச் சுண்டிப் பார்க்கிறார்கள். சதையில் மட்டும் நின்றிருந்தால் கையோடு வந்துவிடும். எலும்பைப் பிடித்திருந்தால் சட்டையில் மாதிரியே அசையாது. இழை வால்பக்கம் சாய்ந்திருப்பதால் நீந்தும்போது தண்ணீர் அதை உடம்போடு அமுக்கிவிடும்.

கருவி மலிவாகி, பழகுவதும் சுலபமானதும் திட்டங்கள் கரைகரையாகப் பரவின. ஒன்றைப் பார்த்து ஒன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1973-இல் தொடங்கியது. தென் கரோலினா 1974. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் கடலியல் ஆய்வு நிறுவனம் 1984. வர்ஜீனியா 1995. எல்லாவற்றிலும் ஏற்பாடு ஒன்றே: தூண்டில்காரருக்கு டேக்கும் அட்டைகளும் கொடுப்பார்கள், அவர் மீனை விட்ட விவரத்தை அனுப்புவார், வேறொருவர் பிடித்தால் இருவருக்கும் அந்த மீனின் வரலாறு கடிதமாகப் போகும்.

டர்பன் நம்மவர்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தம் முடிந்ததும் டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்துப் பிழைத்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலருக்கு இன்றும் ஷாட் மீன் காலம் வந்தால் கை பரபரக்கும். அமெரிக்காவில் ப்ளூஃபிஷ் என்றும் ஆஸ்திரேலியாவில் டெய்லர் என்றும் சொல்லப்படும் அதே மீன். அடையாளம் வைத்து விட்டுப் பார்த்ததில், கேப் பக்கத்து ஷாட் கூட்டம் குளிர்காலத்தில் வடகிழக்காகக் குவாசுலு–நடால் கரைக்கு வருவது தெளிந்தது. ஆக, இரண்டு மாகாணத் தூண்டில்காரர்களும் பிடிப்பது ஒரே கூட்டத்தை. ஒரு நாளைக்கு ஆளுக்கு இத்தனை, முட்டையிடும் காலத்தில் பிடிக்கவே கூடாது என்ற விதிகளுக்கு எதிராக முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அந்த விதிகளுக்கு அடியில் இருந்த தகவலில் தூண்டில்காரர்களின் உழைப்பும் கலந்திருந்தது.

அங்கேயே இன்னொரு மீன் இன்னும் வியப்பான செய்தி தந்தது. கல்யூன் தென்னாப்பிரிக்காவின் தேசிய மீன். பாறைக்கரையில் அலை உடையும் நுரைக்குள் வாழ்வது. தென்கோடிக் கரையில் டி ஹூப் என்ற பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியில் காலின் அட்வுட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தன்னார்வத் தூண்டில்காரர்களோடு ஆண்டுக்கணக்கில் முகாமிட்டுக் கல்யூனுக்கு அடையாளம் வைத்தார்கள். பெரும்பாலான மீன்கள் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் விட்ட அதே பாறைகளுக்கிடையே அகப்பட்டன. ஒரு சிறு பகுதி மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிருந்தது. ஒரே இனத்தில் வீட்டை விட்டு நகராதவையும் ஊர்சுற்றிகளும் உண்டு. இதன் பலன் பெரியது: கரையில் சிறு பகுதியைப் பாதுகாத்தால் அங்கேயே இருக்கும் மீன் பெருகும், ஊர்சுற்றிகள் வெளியே போய் மற்றத் தூண்டில்களுக்கும் கிடைக்கும். கடலில் வேலி போட்டு என்ன பயன், மீன் நீந்திப் போய்விடுமே என்ற வாதத்துக்குக் கல்யூனே பதில் சொல்லிவிட்டது.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். டேக் உதிர்ந்துவிடும். அதில் பாசி படர்ந்து எண் மறையும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, மீன் பிடித்தவர் எழுதிப் போடாமல் இருப்பது. சோம்பல் ஒரு காரணம். எங்கே பிடித்தேன் என்று சொன்னால் அந்த இடத்தைச் சட்டம் போட்டு மூடிவிடுவார்களோ என்ற அச்சம் இன்னொன்று. அந்த அச்சத்தை அலட்சியப்படுத்திய திட்டங்கள் நிலைத்ததில்லை என்பது என் எண்ணம். ஆய்வாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. எத்தனை டேக் உதிர்கிறது என்று தெரிய வேண்டுமா, சில மீனுக்கு இரண்டிரண்டாகக் குத்திவிடு; ஒற்றை டேக்கோடு திரும்புபவற்றை எண்ணினால் உதிர்வது எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். எத்தனை பேர் சொல்லாமல் விடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமா, சில டேக்குகளில் மட்டும் ‘100 டாலர் பரிசு’ என்று எழுது. அவ்வளவு பணத்தை யாரும் விடமாட்டார்கள். நூறு டாலர் டேக்குகள் எந்த விகிதத்தில் திரும்புகின்றன, சாதாரண டேக்குகள் எந்த விகிதத்தில் திரும்புகின்றன என்று ஒப்பிட்டால் மௌனம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மனிதரின் மௌனத்தைச் சுற்றிக் கடக்கவும் பொறிகள் வந்தன. 1963-இல் கீத் ஜெஃபெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் நண்பர்களும், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள குறியீட்டு எஃகுக் கம்பியைச் சால்மன் குஞ்சின் மூக்கில் செலுத்தும் முறையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இதே ஜெஃபெர்ட்ஸ் 1970-இல் வில்ஸன், பென்ஸியாஸ் இருவரோடு சேர்ந்து விண்மீன்களுக்கு இடையே கார்பன் மோனாக்சைடு இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த இருவரும் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றவர்கள். மூக்கிலுள்ள கம்பி வெளியே தெரியாது, அதனால் முதுகின் பின்னாலுள்ள சிறு சதைத்துடுப்பை வெட்டிவிட்டு அதையே அறிகுறியாக வைத்தார்கள். கனடாவின் பசிபிக் கரையில் அந்தத் துடுப்பு இல்லாத சால்மனைப் பிடித்தவர்கள் தலையை மட்டும் வெட்டி, அதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 1980-களில் அரிசி அளவுச் சில்லு மீனின் வயிற்றுக்குள் போனது. சுங்கச்சாவடியில் நம் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகும் அதே ரேடியோ அலை முறைதான். 1956-இலேயே சால்மனில் சோதித்துப் பார்த்த ஒலிக்குறி, பிறகு கடலடியில் வரிசையாக வைத்த ஒலிவாங்கிகளோடு பெரிய வலைப்பின்னலாக வளர்ந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 2008-இல் தொடங்கிய ஓஷன் டிராக்கிங் நெட்வொர்க் அவற்றை நாடு கடந்து இணைக்கிறது. மீன் மறுபடி பிடிபடவே வேண்டாம். பக்கத்தில் போனால் போதும்.

கடைசியாக வந்தது செயற்கைக்கோள் டேக். வட கரோலினாவின் ஹட்டெராஸ் முனையில் 1997 குளிர்காலத்தில் பார்பரா பிளாக் குழுவினர் நீலத்துடுப்புச் சூரைகளில் இதைப் பொருத்தினார்கள். மீனைப் பிடித்துக் கொடுத்தது தூண்டில் படகுகளே. உள்ளங்கையில் அடங்கும் இந்த வகைக் கருவி ஆழம், வெப்பம், வெளிச்சம் போன்றவற்றைப் பதிந்துகொண்டே போகும். குறித்த நாளில் பிடி அறுந்து மேலே மிதந்து வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். மின்கலம் தீர்வதற்குள் முழுப் பதிவையும் அனுப்பிவிட முடிவதில்லை, அதன் சுருக்கம் மட்டுமே போய்ச்சேரும். முழுப் பதிவும் வேண்டுமானால் கருவியே கைக்கு வர வேண்டும். அதனால், பல ஆயிரம் டாலர் விலையுள்ள அந்தக் கருவியின் மேல் ஆய்வுக்கூடத்தின் தொலைபேசி எண்ணும், கண்டெடுத்துத் தருபவருக்குப் பரிசு உண்டு என்ற வரியும் அச்சிட்டே அனுப்புகிறார்கள். அலை ஒதுக்கும் குப்பைக்கு நடுவே நடப்பவர்களில் சிலர் அதைப் பார்த்து எடுத்துக் கூப்பிடவும் செய்கிறார்கள்.